மல்லிகை நட்ட பாதை

நவதுறவகம், திண்டுக்கல்
26 பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் அண்ணியும் பிள்ளைகளும் நலமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன் என்றால் அது பொய். வேறு ஒன்று கேட்கவே எழுதுகிறேன்.

உங்களுக்குப் போன்தான் வசதி என்று தெரியும். இங்கே துறவறப் பயிற்சியில் இருக்கும் எங்களுக்குப் போன் கிடையாது. மாதம் இரண்டு ஞாயிறு கடிதம் எழுதலாம். எழுதியதை எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் அருள்மணி வாசித்துவிட்டுத்தான் ஒட்டுவார். வாசிக்கட்டும்.

மே 31 எனக்கு முதல் வார்த்தைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் பீடத்தின் முன் மண்டியிட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். அதற்கான தியானம் போன வாரம் நடந்தது. மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கையோடு பீடத்துக்கு வந்த பிறகு, உன்மேல் யாருக்கோ மனத்தாங்கல் இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவரோடு சமாதானம் ஆகு, பிறகு வா என்று வரும் இடம். தியானம் கொடுத்த ஃபாதர் ஆளுக்கொரு துண்டுத்தாள் தந்து, அப்படி ஒருவர் பெயரை எழுதச் சொன்னார். மற்ற ஆறு பேரும் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார்கள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கீழத்தெரு அடைக்கலம் என்று எழுதினேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் நம் வடக்குக் கொல்லையில் போர் போட்டு மல்லிகை வைத்தீர்கள். கொல்லைக்கு நடுவே கீழத்தெருவிலிருந்து கோயிலுக்கும் கல்லறைக்கும் போகும் எட்டடி வண்டிப்பாதை இருந்தது. அதையும் சேர்த்து உழுது, கல்தூண் நட்டு, முள்கம்பி கட்டினீர்கள். கீழத்தெருக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பழைய பங்குச்சாமியார் வி.ஏ.ஓ.வைக் கூட்டிக்கொண்டு வந்து கொல்லையில் நின்று, பாதை இருந்ததா என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

"இல்ல சாமி. நான் இந்த வரப்புலயே வளந்தவ. இங்கிட்டுப் பாதையே கெடையாது."

அடுத்த மாதம் மடத்தில் சேரப்போகிற பெண் நான். பதினெட்டு வயது. சாமியார் எல்லாரையும் திரும்பிப் பார்த்து, "கன்னியாஸ்திரியாகப் போற பிள்ளை பொய் சொல்லாது" என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் அடைக்கலத்தின் தாயார் இறந்தார். சவப்பெட்டியைக் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போனார்கள். கரை வழுக்கிப் பெட்டி தண்ணீரில் விழுந்தது. அடைக்கலத்தின் மகள் கலைமதி என்னோடு படித்தவள். நான் விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள்: "மொகமெல்லாம் சேறு. தொடச்சுட்டுத்தான் பொதைச்சோம்." அழாமல் சொன்னாள். நானும் ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். என்ன தைரியம் எனக்கு!

அண்ணே, வேலியைப் பிரித்துவிடுங்கள். நான் சுத்தமான கையோடு பீடத்துக்குப் போக வேண்டும்.

ஃபெமினா


இன்னாசிபட்டி
6 மார்ச்

ஃபெமினாவுக்கு,

சார்லஸ் எழுதுவது. கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்துப் போடுவதற்குமேல் நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருக்கும். இதை முதலில் படிக்கும் சிஸ்டருக்கும் வணக்கம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நலம் என்று மட்டும் சொன்னேன். அம்மா உன் வார்த்தைப்பாட்டுக்கு வாங்கிய சேலையை எடுத்துப் பார்த்து மடித்து வைப்பதே வேலையாக இருக்கிறது. வேன் பேசியாயிற்று. பத்திரிகையில் உன் பெயரைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

கீழத்தெருவிலிருந்து சுற்றி வந்தால் பதினைந்து நிமிஷம். இப்போது வீட்டுக்கு ஒரு பைக் நிற்கிறது. யாரும் சாகவில்லை. பெட்டி விழுந்தது மழையால். மழையை நான் பெய்விக்கவில்லை.

அந்தத் துண்டு நிலத்தில்தான் நாலு வரிசை மல்லிகை நிற்கிறது. மேலத்தெருவில் பொறம்போக்கைச் சேர்த்து வளைக்காதவன் யார், ஒருத்தனைக் காட்டு. சூசைராஜ் வாய்க்காலையே வீட்டுக்குள் விட்டுக் கட்டியிருக்கிறான். அவன் மகள் மடத்தில் சேரவில்லை, அதனால் தப்பித்தான்.

நல்லபடியாக ஜெபம் பண்ணு. வேலி, வரப்பெல்லாம் உனக்கு எதற்கு? உலகத்தை விட்டுத்தானே போனாய்.

சார்லஸ்


திண்டுக்கல்
12 மார்ச், ஞாயிறு

அண்ணனுக்கு,

உலகத்தை விட்டுப் போகவில்லை. போகிறபோது ஒரு பொய்யை அதில் நட்டுவிட்டுப் போனேன். அது ஐந்து வருஷமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அந்த மல்லிகையை விடியற்காலையில் பறிக்க யார் வருகிறார்கள்? கீழத்தெருப் பெண்கள். எந்த வழியாக வருகிறார்கள்? கண்மாய்க் கரை வழியாக, செல்போன் வெளிச்சத்தில். தங்கள் பாதையிலேயே நின்று உங்களுக்குப் பூப் பறித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பூவில் நாலு முழம் மாதாவுக்கும் போகிறது. மாதாவுக்கு அது எப்படி மணக்கும்?

சாதி என்று எழுதினால் அம்மா முகம் சுளிக்கும். நாமெல்லாம் வேதக்காரர்கள், நமக்குள் என்ன சாதி என்பீர்கள். அப்படியானால் நம் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைகூட "அடைக்கலம், இங்கிட்டு வா" என்று கூப்பிடுவது ஏன்? அவருக்கு ஐம்பத்தைந்து வயது. துண்டுத்தாளில் அவர் பெயரை எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. நானும் அவரை இருபது வருஷம் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

சிஸ்டர் அருள்மணியிடம் சொல்லிவிட்டேன். வேலி பிரியாமல் நான் வார்த்தைப்பாடு கொடுக்க மாட்டேன். அவர், "எழுது, அனுப்புறேன்" என்றார்.

இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. அம்மா சேலை கட்டுவதும் கட்டாததும்.

ஃபெமினா


இன்னாசிபட்டி
20 மார்ச்

ஃபெமினாவுக்கு,

அம்மாவின் சேலையைப் பிடித்து இழுக்கிறாய். நல்லது. துறவு நன்றாகவே பழகுகிறாய்.

நேற்று அம்மாவின் பெரிய எழுத்து பைபிளை எடுத்தேன். மத்தேயு, ஐந்து, இருபத்து மூன்று. மூன்று தடவை வாசித்தேன். ஜெனிபர் பயந்துபோய், "என்னங்க, ஒடம்புக்கு எதுவுமா?" என்றாள்.

அதில் என்ன இருக்கிறது தெரியுமா? காணிக்கை கொண்டுவந்தவனே போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. உன் அண்ணனை அனுப்பு என்று இல்லை. அண்ணன் வேலியைப் பிரிக்கும்வரை பீடத்தின் முன் உண்ணாவிரதம் இரு என்றும் இல்லை. மனத்தாங்கல் யார்மேல்? உன்மேல் என்று நீயே எழுதுகிறாய். பொய் சொன்ன வாய் யாருடையது? அப்புறம் எனக்கு எதற்குக் கடிதம்? வெள்ளை உடுப்பில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எங்கள் பாவத்தை எங்களுக்கே தபாலில் அனுப்புகிறாய். ஸ்டாம்ப் ஒட்டியதோடு உன் வேலை முடிந்தது.

அடைக்கலம் வீடு அங்கேதான் இருக்கிறது. மணப்பாறை வந்து விராலிமலை பஸ் ஏறினால் கொண்டுவந்து விடும். உனக்குத் துணிச்சல் இருந்தால் அவன் வாசலில் நின்று சொல். பிறகு எனக்கு வேதம் சொல்.

இதைப் படிக்கும் சிஸ்டர் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான்.

சார்லஸ்


திண்டுக்கல்
26 மார்ச், ஞாயிறு

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னது சரி. கோபத்தில் சொன்னாலும் சரி.

அந்த வசனத்தை ஒரு மாதமாக வைத்திருக்கிறேன். அதில் "போ" என்று இருப்பதை நான் வாசிக்கவே இல்லை. உங்களைத்தான் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் அனுமதி கேட்டேன், கிடைத்தது. வெள்ளி சாயங்காலம் வருகிறேன். பஸ் நிறுத்தத்துக்கு வர வேண்டாம். நான் கீழத்தெரு நிறுத்தத்தில் இறங்குவேன்.

ஃபெமினா


இன்னாசிபட்டி
11 ஏப்ரல்

ஃபெமினாவுக்கு,

ஈஸ்டர் முடிந்தது. உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். இருக்க முடியவில்லை.

போ என்று நான்தான் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பாய் என்று நினைத்தேன். குருத்து ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் மைக்கைப் பிடிப்பாய் என்று நினைக்கவில்லை.

நான் கதவோரம் நின்றேன். கையில் குருத்தோலை. ஊர் முழுக்கக் கையில் குருத்தோலை. "வடக்குக் கொல்லையில பாதை இருந்துச்சு. இல்லைன்னு சாமியார்கிட்ட பொய் சொன்னது நான்" என்றாய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் பெயரை நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. புது ஃபாதர் ஒன்றும் புரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாயா? கோயில் படியில் வைத்து, அதையே கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு அடைக்கலத்திடம் கொடுத்தாய். தாலுகா ஆபீஸில் கொடுக்கச் சொல்லி. சொந்தக் கொல்லைக்கு எதிராகத் தங்கச்சி எழுதிக் கொடுத்த சாட்சி! அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ.

டீக்கடையில் சூசைராஜ் சொல்கிறான்: "ஏம்ப்பா சார்லஸு, பெரிய வெள்ளிக்கு இன்னும் அஞ்சு நாளு கெடக்கு. அதுக்குள்ள ஒன்னய அறைஞ்சிட்டாளே ஒந் தங்கச்சி!" எல்லாரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர் சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

திங்கட்கிழமை பெண்கள் பூப் பறிக்க வந்தார்கள். வழக்கமாகப் பாட்டும் சண்டையுமாக இருக்கும். அந்த நாலு வரிசைக்கு வந்ததும் எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகி, தள்ளித் தள்ளி நின்று பறித்தார்கள். எங்கே மிதிக்கிறோம் என்று குனிந்து பார்த்துக்கொண்டே.

அம்மா உன்னைப் பற்றிப் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை. நாங்கள் யாரும் மே மாதம் வரமாட்டோம். வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சார்லஸ்


திண்டுக்கல்
16 ஏப்ரல், ஞாயிறு

அண்ணனுக்கு,

ஊரார் முன்னால் உங்களை நிற்க வைத்தது எனக்கும் வலிக்கிறது. செய்தது தப்பு என்று மட்டும் எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. நான் வீட்டில் இருந்த இரண்டு நாளும் நீங்கள் முதுகைத்தான் காட்டினீர்கள். இப்போது எழுதுகிறேன்.

நான் போனபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அய்யா" என்று கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பின்னால் பார்த்தார். கலைமதி நாற்காலி எடுத்து வந்து போட்டாள். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"பாப்பா, நீ அழுதுட்டு லேசாப் போயிருவ. நான் நாளைக்கும் கரையச் சுத்திக்கிட்டுத்தான் போவணும். எங்கிட்ட எதுக்குச் சொல்ற? பாதை இருந்தது எனக்குத் தெரியாதா? தெரியாதவுகளா நடிச்சவுககிட்ட போயிச் சொல்லு."

கலைமதி உள்ளேயிருந்து, "எப்பா, சும்மா இரு, வீடு தேடி வந்துருக்கா" என்றாள். அவர், "வந்தா? ஆத்தாவப் பெட்டியோட தண்ணியிலேர்ந்து தூக்குனவன் நானு. இவ வந்ததுக்கு நான் என்ன செய்ய?" என்றார். பிறகு காப்பி குடிக்கச் சொன்னார். குடித்தேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதும் இல்லை.

மைக்கும் அந்தத் தாளும் அதனால்தான். பொய்யை ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டு உண்மையை ஒரு வீட்டு வாசலில் மட்டும் சொன்னால் கணக்குச் சரியாகாது.

இன்னொன்று. மே 31க்கு என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். உங்களை மிரட்ட இல்லை. அந்த மிரட்டலை விட்டுவிட்டேன். போகச் சொன்னார் ஆண்டவர், போனேன். சமாதானம் ஆன பிறகு வா என்றார். அது இன்னும் ஆகவில்லை. அடுத்த வருஷம் கேட்கலாம் என்கிறார்கள். அதுவரை நான் பயிற்சியில்தான். மற்ற ஆறு பேரும் கொடுப்பார்கள். நான் பாடல் குழுவில் நிற்பேன்.

அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள். சேலை வீணாகாது என்றும் சொல்லுங்கள்.

ஃபெமினா


இன்னாசிபட்டி
25 மே

ஃபெமினாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும். அம்மா கேட்டுவிட்டு முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கியது. ரேஷன் அரிசிகூட இல்லை, பொறுக்க ஒன்றும் இல்லை. கடைசியில், "பொய் சொன்னது ஒண்ணு, சொல்ல விட்டது ஒண்ணு. ரெண்டும் நான் பெத்தது" என்றது.

சொல்ல விட்டது என்று அம்மா சொன்னதை நீ புரிந்துகொள்ள மாட்டாய். நீ எழுதியிருக்கிறாய், சாமியார் கேட்டார், நான் சொன்னேன் என்று. அவர் உன்னைக் கேட்கவில்லை. "சார்லஸ், நீ சொல்லு, பாதை இருந்துச்சா?" என்று என்னைத்தான் கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இருந்தது என்று சொன்னால் பூ போய்விடும். இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. உன்னைப் பார்த்தேன். அவ்வளவுதான். நீ சொன்னாய். அம்மா பின்னால் நின்று பார்த்திருக்கிறது. ஐந்து வருஷமாக உன் பொய் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை சர்வேயர் வந்தார். அடைக்கலம் மனுவோடு உன் தாளையும் இணைத்துக் கொடுத்திருக்கிறார். கொல்லையில் ஊரே கூடியது. சூசைராஜ் முன்வரிசையில். அவனுக்கு வாய்க்கால் பயம். சர்வேயர் வரைபடத்தை விரித்தார்.

"பாதைக்குப் புள்ளிக்கோடு இருக்கு, ஆனா அழிஞ்சு கெடக்கு. மடத்துல இருக்கற பொண்ணு எழுதிக் குடுத்தத மட்டும் வெச்சு நான் கல்லு போட முடியாது. பட்டாதாரர் நீங்க சொல்லுங்க. நடந்து வந்த வழிதானா? இல்லைன்னா அவங்க கோர்ட்டுக்குப் போகட்டும்."

சூசைராஜ் என் தோளை இடித்து, "இல்லைன்னு சொல்லிட்டு வாடா, கேஸு இழுத்து வயசாகி அடைக்கலமே விட்டுருவான்" என்றான்.

இந்தத் தடவை பார்ப்பதற்கு நீ பக்கத்தில் இல்லை.

"எட்டடி சார்" என்றேன். "எங்கப்பா காலத்துலேர்ந்து."

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கை தட்டவில்லை. சர்வேயர், டேப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அடைக்கலம் பிடித்தார். "டேப்பு தொய்யுது, இழுத்துப் பிடிங்க" என்றார் என்னிடம். இழுத்துப் பிடித்தேன். ஏழே முக்காலில் கல் போடப் பார்த்தேன். "எட்டு" என்றார். எட்டில் போட்டோம்.

முள்கம்பியைப் பிரித்து, நாலு வரிசையையும் நானே வெட்டினேன். மேலத்தெருவில் இப்போது என்னோடு பேசுவதற்கு ஆள் குறைவு. டீயை வீட்டிலேயே குடிக்கிறேன். ஜெனிபர் நன்றாகவே போடுகிறாள்.

அடைக்கலம் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார். என் பக்கம் திரும்புவதில்லை. சாயங்காலம் பிள்ளைகள் அரசாங்க சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு பறக்கிறார்கள். ஒருத்தன் என் சொட்டுநீர்க் குழாயின்மேல் ஏற்றிவிட்டான். கத்தினேன். "பாதையில எதுக்குண்ணே கொழாய் போட்டீக?" என்கிறான். பிடுங்கி நகர்த்திப் போட்டேன்.

நீ 31ஆம் தேதி கொடுக்கப்போவதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் வருகிறோம். வேன் மறுபடி பேசியாயிற்று. கலைமதியும் வருகிறாள், நீ பாடுவதைக் கேட்க வேண்டுமாம். அவள் அப்பா வரவில்லை. நான் கேட்டேன். "வேல கெடக்கு" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஆறு பிள்ளைகளுக்கும் மாலைக்குப் பூ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சிஸ்டர் அருள்மணியிடம் சொல். வெட்டியது போக மிச்சம் நிறைய நிற்கிறது. பூப் பறிக்கும் பெண்கள் நேர்வழியில் வருவதால் இப்போது வெளுக்கும் முன்பே கூடை நிறைந்துவிடுகிறது.

சார்லஸ்